படகில் தங்கிவிட்ட தண்ணீர்: உறைகுளிருக்கு முன் பாய்மரப் படகின் குழாய்களையும் எஞ்சினையும் காப்பது எப்படி

ஒக்ரோபர் கடைசியில் ரொறன்ரோவின் படகுத் துறைகளுக்குப் போனால் எங்கேயும் ஒரே காட்சிதான். கிரேன் ஒவ்வொரு பாய்மரப் படகாக ஒன்ராறியோ ஏரியிலிருந்து தூக்கிக் கரையில் இரும்புத் தாங்கிகளில் இருத்துகிறது. படகின் அடியில் ஒட்டிய பாசியை ஒருவர் பீச்சுத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இளஞ்சிவப்புத் திரவம் நிறைந்த பிளாஸ்ரிக் கலன்கள் வரிசையாக நிற்கும். ஏப்ரல் கடைசிவரை படகு அங்கேதான். ஜனவரி இரவுகளில் -20 பாகை செல்சியஸ்கூடத் தொடும் குளிரை அது வெட்டவெளியில் நின்று தாங்கவேண்டும்.

அந்த இளஞ்சிவப்புத் திரவம் அன்ரிபிறீஸ், படகின் குழாய்களும் எஞ்சினும் உறைந்து வெடிக்காமலிருக்க ஊற்றுவது. அதைப் பற்றிக் கரையில் கதைப்பதைக் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். "ரெண்டு கலன் ஊத்தினால் காணும்." "-50 எண்டு போட்டிருக்கு, பிறகென்ன பயம்?" "எஞ்சினுக்குள்ளை கூலன்ற் இருக்குத்தானே, அது உறையாது." (கூலன்ற் என்றால் எஞ்சினைக் குளிர்விக்க அதைச் சுற்றி ஓடும் திரவம்.) மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பிவிட்டுப் போய், ஏப்ரலில் வெடித்த எஞ்சினுக்கு முன்னால் பேச்சிழந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய படகொன்றை ஆசையாக வாங்கிய நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்விகளை மனதில் வைத்து, அடியிலிருந்து சொல்கிறேன்.

தண்ணீர் ஏன் வீங்குகிறது?

பெரும்பாலான பொருட்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீரும் 4 பாகை வரைக்கும் சுருங்கிக்கொண்டுதான் வரும். அதற்குக் கீழே போனதும் மெல்ல விரியத் தொடங்கும். 0 பாகையில் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருத்துவிடும். ஒரு லீற்றர் தண்ணீர் உறைந்தால் அது இருக்க ஒரு லீற்றரும் இன்னும் 90 மில்லிலீற்றரும் வேண்டும். தண்ணீர்ப் போத்தலை நிறைய நிரப்பிப் பிறீசரில் மறந்துவிட்டவர்களுக்கு இது தெரியும்.

காரணத்தை இப்படி யோசித்துப் பாருங்கள். தேர்த்திருவிழாவில் வீதி நிறையச் சனம். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், எவருக்கும் நிலையான இடமில்லை, ஆனால் சின்ன இடத்துக்குள் நிறையப்பேர் அடங்கிவிடுகிறார்கள். அதே ஆட்களைக் கைகோத்துக் கும்மிக்கு நிற்கச் சொன்னால்? வட்டங்கள் உருவாகும், ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் வெற்றிடம் விழும், அவர்களுக்கு வீதி போதாது. திரவமாக இருக்கும்வரை தண்ணீர் மூலக்கூறுகள் தேர்க்கூட்டம்போல் நெருக்கியடிக்கின்றன. உறையும்போது ஒவ்வொன்றும் நான்கு அயலவரின் கையைப் பிடித்துக்கொண்டு, நடுவில் துவாரமுள்ள அறுகோணக் கட்டமைப்பாகிவிடுகிறது. வீக்கம் அந்தத் துவாரங்களால் வருவது.

குழாயை உடைப்பது எது?

பனிக்கட்டி பெருத்து உள்ளேயிருந்து பக்கவாட்டில் தள்ளுவதால் குழாய் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சில சமயம் அப்படியும் நடக்கும். ஆனால் பல சமயம் குழாய் பிளந்த இடத்தில் பனிக்கட்டியே இருப்பதில்லை. இந்த இடம் விளங்கினால் மீதிக் கட்டுரை தானாகவே விளங்கும், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இடியப்ப உரலை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைப் போட்டு அழுத்துகிறீர்கள், துளைகளால் இடியப்பம் இறங்குகிறது. துளைகள் அடைபட்டுப்போனால் அழுத்தியது எங்கே போகும்? மாவு மேலால் பிதுங்கும், அல்லது உரலின் பலவீனமான மூட்டு விடும். உங்கள் கை இருப்பது மேலே, உடைவது வேறெங்கோ.

குழாயிலும் இதே கதைதான். ஒரு நீளக் குழாய், ஒரு முனையில் பூட்டிய ரப். நடுவில் குளிர் கூடிய ஓரிடத்தில் முதலில் பனி பிடிக்கிறது. அது வளர்ந்து குழாயை அடைத்து ஒரு மூடிபோல ஆகிறது. மூடிக்கும் ரப்புக்கும் இடையில் இன்னும் உறையாத தண்ணீர் சிறைப்பட்டு நிற்கிறது. மூடி நீண்டுகொண்டே வரும்போது அந்தத் தண்ணீருக்கு இடம் குறைகிறது. தண்ணீரை நசுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகவே அமுக்கம், அதாவது சுவரை வெளியே தள்ளும் விசை, ஏறுகிறது. அமுக்கம் கூடினால் தண்ணீர் உறையும் வெப்பநிலை கொஞ்சம் இறங்கும், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பெரிது: 1 பாகை இறக்க வளிமண்டல அமுக்கத்தைப்போல் சுமார் 130 மடங்கு வேண்டும். -5 பாகைக் குளிரில் முற்றாகச் சிறைப்பட்ட தண்ணீர் 600 மடங்குக்குக் கிட்ட அமுக்கத்தை உண்டாக்கக்கூடும். கார் ரயரில் நாம் அடிக்கும் காற்று 2 மடங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். படகிலுள்ள எந்தக் குழாயும் இதற்குமுன் நிற்காது. பித்தளை வால்வும் எஞ்சினின் வார்ப்பிரும்பும்கூட விட்டுக்கொடுத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ரப்பைத் திறந்து வைத்தால் அமுக்கத்துக்கு வழி கிடைக்கிறது. அனுபவமுள்ள படகுக்காரர்கள் எல்லா ரப்புகளையும் பாதி திறந்தபடி விட்டுப்போவதற்குக் காரணம் இதுதான். மற்றது, பெரிய தாங்கியின் அடியில் ஒரு கோப்பை தண்ணீர் கிடந்தால் அது உறைந்து மேல்நோக்கிப் பெருக்கும், ஒன்றும் உடையாது. அதே ஒரு கோப்பைத் தண்ணீர் பம்பின் சின்னப் பிளாஸ்ரிக் கிண்ணத்துக்குள் நிறைந்து நின்றால் அது பிளக்கும். ஆபத்து இருப்பது தண்ணீரின் அளவில் என்பதைவிட, அது எவ்வளவு இறுக்கமாக அடைபட்டிருக்கிறது என்பதில்தான்.

*இதுவரை:* உறையும் தண்ணீர் 9 சதவீதம் பெருக்கும். பெருக்க இடமிருந்தால் பாதிப்பில்லை. இரண்டு பக்கமும் மூடிய சின்ன இடங்களே உடையும். எனவே முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. அன்ரிபிறீஸ் இரண்டாவது.

காற்றுக் குளிரும் ஏரியின் சூடும்

வானிலைச் செய்தியில் "காற்றுக் குளிர் -5" என்று கேட்டதும் படகுக்காரர்கள் ஓடிப்போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பார்கள். காற்றுக் குளிர் என்பது மனிதத் தோல் உணர்வதற்கான கணக்கு. வெளியே +2 பாகை, காற்று மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் எங்கள் முகத்துக்கு அது -5 போலிருக்கும். குழாய் +2க்குக் கீழே ஒருபோதும் போகாது. காற்று செய்வதெல்லாம் அது +2ஐ அடையும் வேகத்தைக் கூட்டுவதுதான். ஆகவே பார்க்கவேண்டியது உண்மையான வெப்பநிலையை.

இன்னொன்றும் உண்டு, அது எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். படகு ஏரியில் மிதக்கும்போது அதன் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தத் தண்ணீர் இலையுதிர் காலம் முழுவதும் உறைநிலைக்கு மேலேயே நிற்கும், படகின் வயிற்றுக்கு அது ஒரு போர்வை. ஒன்ராறியோ ஏரி மிக ஆழமானது, 244 மீற்றர் வரை போகும். சேர்த்துவைத்த சூட்டை அது மெதுவாகத்தான் விடும். படகைக் கரைக்குத் தூக்கிய அன்றே அந்தப் போர்வை போய்விடுகிறது. கரையில் நிற்கும் படகு எல்லாப் பக்கத்தாலும் குளிரும். "போன கிழமை -2 வந்தது, ஒன்றும் ஆகவில்லை, இன்னும் இரண்டு கிழமை விடலாம்" என்ற கணக்கு ஏரியில் நின்றபோது சரியாக இருந்திருக்கலாம். கரையில் அது பிழையாகிவிடும்.

-50 என்ற எண் என்ன சொல்கிறது?

அன்ரிபிறீஸ் என்றால் தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குவதற்குச் சேர்க்கும் திரவம். அது எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்கள் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறீர்கள்.

ஐஸ்பழத்தை உறிஞ்சிப் பாருங்கள். முதலில் நிறமும் இனிப்பும் வாய்க்குள் வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெள்ளையான வெறும் ஐஸ். உறையும்போது தண்ணீர் தன் கும்மி வட்டத்துக்குள் சீனியைச் சேர்ப்பதில்லை, அதை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட சீனி மிஞ்சிய தண்ணீரோடு சேர்ந்து கெட்டிப் பாகாகி, பனித்துணுக்குகளுக்கு இடையில் திரவமாகவே நிற்கிறது. சீனி கூடக்கூட ஐஸ்பழம் மென்மையாகும்.

கிளைக்கோல் என்ற இரசாயனமும் இதைத்தான் செய்கிறது, சீனியைவிட வலுவாக. இளஞ்சிவப்புக் கலனில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரோடு கலந்த புறொப்பிலீன் கிளைக்கோல். குளிர் இறங்கும்போது அது ஒரேயடியாகக் கல்லாகாது. பல கலவைகள் -10 பாகைக்குச் சற்றுக் கீழே போனதுமே துணுக்குத் துணுக்காக உறையத் தொடங்கி, கூழ்போல் ஆகிவிடும். கூழ் நகரும், இடுக்கில் பிதுங்கும், அதனால் குழாய் தப்பிக்கிறது.

இப்போது கலனின் முன்னால் பெரிதாக அச்சிட்ட -50ஐப் பாருங்கள். அது அந்தத் திரவம் உறையத் தொடங்கும் வெப்பநிலை என்று நினைத்தால் பிழை. அந்தக் கலவை தண்ணீர் கலக்காமல் குழாயில் நின்றால் எதுவரை குழாய் வெடிக்காது என்பதற்கான எல்லை அது. பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளில் கூழாகத் தொடங்கும் வெப்பநிலை தனியாக இருக்கும். எந்த அளவுகோல் என்பதையும் கவனியுங்கள். -50 பரனைற் என்று போட்டிருந்தால் அது -45.6 செல்சியஸ்.

"தண்ணீர் கலக்காமல்" என்ற அந்த நிபந்தனையில்தான் மிகப் பெரிய சறுக்கல் நடக்கிறது. குழாயிலும் தாங்கியிலும் 4 லீற்றர் தண்ணீர் மிச்சமிருக்க, 4 லீற்றர் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றினால் கிளைக்கோலின் அடர்த்தி பாதியாகிவிடும். 30 சதவீதமாக இருந்த கலவை 15 ஆகும்போது, அது உறையத் தொடங்குவது ஏறக்குறைய -5 பாகையில். நிறம் இன்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கண் நம்பிவிடும், குழாய் நம்பாது.

நஞ்சு பற்றியும் ஒரு வார்த்தை. கார்களின் கூலன்றில் வழக்கமாக இருப்பது எதிலீன் கிளைக்கோல். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், சிறுநீரகத்தை அழித்துக் கொல்லும். மனிதருக்கும் அதே கதிதான். குடிதண்ணீர் ஓடும் குழாய்க்குள் அதன் ஒரு சொட்டும் போகக்கூடாது. புறொப்பிலீன் கிளைக்கோல் உணவுப்பொருட்களில்கூட அளவாகச் சேர்க்கப்படுவது, படகின் குழாய்களுக்கு அதுதான் ஏற்றது. மலிவான சில இளஞ்சிவப்புக் கலன்களில் எதனோல் என்ற மதுசாரம் இருக்கும். அது தீப்பற்றும், றப்பரையும் உலரவைக்கும். நிறத்தை நம்பாமல் பெயரை வாசித்து வாங்குங்கள். நான் சிவப்பா நீலமா என்று பார்ப்பதே இல்லை.

*இதுவரை:* அன்ரிபிறீஸ் கூழாகிக் குழாயைக் காக்கிறது. கலனில் உள்ள எண் கலப்படமில்லாத திரவத்துக்கே பொருந்தும். பழைய தண்ணீர் மிச்சமிருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

குடிதண்ணீர் ஓடும் பாதை

படகின் நல்ல தண்ணீர் வழி வீட்டு வழியைப் போன்றதுதான், கொஞ்சம் சுருங்கியது. தாங்கி, அதிலிருந்து இழுக்கும் மின்பம்ப், சுடுதண்ணீர் உருளை, குசினி ரப், குளியலறை ரப், சில படகுகளில் பின்தளத்தில் ஒரு கைப்பிடி ஷவர். பம்பில் ஒரு தானியங்கி ஆளி உண்டு. ரப்பைப் பூட்டியதும் குழாயில் அமுக்கம் ஏறும், பம்ப் தானாக நின்றுவிடும்.

என் 27 அடிப் படகின் முதல் இலையுதிர் காலத்தில் நான் செய்த பிழையை அப்படியே சொல்கிறேன். தாங்கியில் 15 லீற்றர்போலத் தண்ணீர் கிடந்தது. அதை வெளியேற்றாமல், இரண்டு கலன் இளஞ்சிவப்புத் திரவத்தை, மொத்தம் ஏழரை லீற்றர், மேலே ஊற்றிப் பம்பைப் போட்டேன். ரப்பில் வெளிறிய இளஞ்சிவப்பு வந்தது, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஏப்ரல் கடைசியில் தாங்கியை நிரப்பிப் பம்பைப் போட்டபோது அது நிற்கவே இல்லை. எல்லா ரப்பும் பூட்டித்தான் இருந்தன, பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. மடுவுக்குக் கீழே தலையை நுழைத்து ரோர்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் வளையும் பிளாஸ்ரிக் முழங்கையில் மயிர்போல் ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து நூல் இழைபோலத் தண்ணீர் பாய்ந்து மரப்பலகையை நனைத்துக்கொண்டிருந்தது. பம்பின் முன்னாலுள்ள வடிகட்டிக் கிண்ணமும் அடியில் பிளந்திருந்தது. ஏழரை லீற்றரை 15 லீற்றரில் கலந்தபோது கிளைக்கோல் மூன்றில் ஒன்றாகக் குறைந்து, -3 பாகையிலேயே உறையும் சர்பத்தாகிவிட்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. அந்தக் கோடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்: முதலில் வெறுமையாக்கு, பிறகு ஊற்று.

இப்போது செய்வது இது. பம்ப் காற்றை இழுத்து இருமும்வரை தாங்கியை ரப்புகளால் வெளியேற்றிவிடுவேன். அடியில் மிஞ்சியதைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுப்பேன். சுடுதண்ணீர் உருளை 20 லீற்றருக்குக் கிட்டக் கொள்ளும், அதை அன்ரிபிறீஸால் நிரப்புவது காசை ஏரியில் கொட்டுவது. அதன் அடித்திருகைத் திறந்து வடியவிட்டு, உள்ளே போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் திரவம் உருளையைத் தொடாமல் கடந்துபோகும். இதற்கென்றே சிறு வால்வு விற்கிறார்கள். இதைச் செய்யமுன் உருளையின் மின்சாரத்தை நிறுத்துங்கள், வெறும் உருளையில் சூடேற்றும் கம்பி எரிந்துபோகும்.

அதன்பின் பம்பின் உறிஞ்சு குழாயைத் தாங்கியிலிருந்து கழற்றி நேரே இளஞ்சிவப்புக் கலனுக்குள் விடுகிறேன். பம்புக்கு மிகத் தூரத்தில் உள்ள ரப்பில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் சுடுதண்ணீர்ப் பக்கம், குளிர்தண்ணீர்ப் பக்கம் இரண்டையும் தனித்தனியாகத் திறக்கவேண்டும். வெளிறிய நிறம் வந்தால் பொறுங்கள். கலனில் உள்ள அதே அடர்ந்த நிறம் வரும்வரை விடுங்கள். இளஞ்சிவப்பு மடு வழியே இறங்கி மடுவின் வளைவையும் காத்துவிடும். பின்தளத்து ஷவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதன் கைப்பிடிக்குள் தங்கும் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் போதும் அதைப் பிளக்க.

ரொய்லெற்றுக்கும் இதே முறைதான். முதலில் கழிவுத் தாங்கியைப் படகுத் துறையில் உறிஞ்சி எடுக்கச் செய்யுங்கள். ஏரித் தண்ணீரை இழுக்கும் ஹோஸைக் கழற்றி ஒரு வாளி அன்ரிபிறீஸுக்குள் வைத்து, கைப்பம்பை நிறம் மாறும்வரை அடித்தால் பம்பும் வால்வுகளும் நிறைந்துவிடும். மேலால் கிண்ணத்துக்குள் ஊற்றினால் மட்டும் போதாது. அப்படி ஊற்றியது உள்ளே வரும் பக்கத்துக் குழாயைத் தொடவே மாட்டாது.

எஞ்சினுக்குள் ஓடும் இரண்டு தண்ணீர்

"கூலன்ற் இருக்குத்தானே" என்ற கதைக்கு வருவோம். கார் எஞ்சினின் சூட்டைக் காற்று எடுத்துப் போகிறது. படகின் வயிற்றுக்குள் காற்றோட்டம் இல்லை, அங்கே சூட்டை எடுத்துப் போவது ஏரித் தண்ணீர். அது இரண்டு விதமாக நடக்கும்.

குழந்தைக்குக் காய்ச்சிய பாலை ஆறவைக்கப் பால் தம்ளரைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைப்போம். பாலும் தண்ணீரும் கலப்பதில்லை, சூடு மட்டும் தம்ளரின் சுவரால் கடந்துபோகிறது. பல படகு எஞ்சின்களில் இப்படி ஒரு கருவி இருக்கிறது, அதற்கு வெப்பப் பரிமாற்றி என்று பெயர். எஞ்சினைச் சுற்றுவது கூலன்ற், அதுதான் பால். மறுபக்கத்தில் ஓடுவது வெறும் ஏரித் தண்ணீர். கூலன்ற் உறையாது என்பது சரி. பாதித் தண்ணீரும் பாதி எதிலீன் கிளைக்கோலும் கலந்த கூலன்ற் -37 பாகைவரை தாங்கும். ஆனால் மறுபக்கத்து ஏரித் தண்ணீரில் எதுவுமே கலந்திருக்காது. அது 0 பாகையில் உறைந்து பரிமாற்றியைப் பிளக்கும்.

சின்ன எஞ்சின்கள் பலவற்றில் பால் தம்ளரே கிடையாது. ஏரித் தண்ணீர் நேரே எஞ்சினின் இரும்புக் கட்டைக்குள் போய் வரும். என் படகிலுள்ள யன்மார் 1ஜிஎம்10 என்ற ஒற்றைச் சிலிண்டர் டீசல் இந்த வகை. இங்கே உறைந்தால் வெடிப்பது கட்டையே, அதோடு எஞ்சினின் கதை முடிந்தது.

தண்ணீர் போகும் வழியை ஒருதரம் விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள், வேறெந்தப் படிப்பும் இவ்வளவு உதவாது. படகின் அடியிலுள்ள துவாரம், அதன் வால்வு, பாசியைப் பிடிக்கும் வடிகட்டி, இம்பெல்லர் எனப்படும் றப்பர் இறக்கைச் சக்கரம் உள்ள பம்ப், பிறகு பரிமாற்றி அல்லது கட்டை, அதன்பின் சூடான புகையோடு தண்ணீர் கலக்கும் முழங்கை, புகைச் சத்தத்தை அடக்கும் பெட்டி, கடைசியில் பின்பக்கத் துவாரம். இந்தப் பாதையில் ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் தங்கும்.

செய்முறை எளிது. உறிஞ்சும் ஹோஸை வால்விலிருந்து கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, வாளியில் இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்பி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டால் அது தானே இழுத்துக்கொள்ளும். வாளி வற்றவிடக்கூடாது, இம்பெல்லர் தண்ணீரில்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். ஒருவர் கீழே வாளியோடு, ஒருவர் பின்னால் புகைத்துவாரத்தோடு நிற்பது நல்லது. பின்னால் இளஞ்சிவப்பு வந்ததும் "வந்திட்டு!" என்று கூப்பிடுவார்.

அங்கேதான் பொறி இருக்கிறது. தேர்மோஸ்ரற் என்பது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரைக் கட்டைக்குள் முழுதாக விடாமல் தடுக்கும் சின்ன வாசல். 1ஜிஎம்10இல் அது 42 பாகையில் திறக்கத் தொடங்கும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் வாசல் பூட்டியிருக்கும், நீங்கள் கொடுத்த திரவம் பக்கவழியால் நேரே முழங்கைக்குப் போய்ச் சில வினாடிகளில் பின்னால் கொட்டும். இளஞ்சிவப்பைப் பார்த்துச் சந்தோஷமாக எஞ்சினை நிறுத்துவீர்கள். கட்டைக்குள் ஒக்ரோபர் மாத ஏரித் தண்ணீர் அப்படியே நிற்கும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ததாக நம்பிய ஒருவரின் எஞ்சின் வெடிப்பது இப்படித்தான், அது எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

இரண்டு வழி உண்டு. வாளியில் சாதாரணத் தண்ணீர் விட்டு எஞ்சினைக் கால் மணித்தியாலம் ஓடவைத்துச் சூடேற்றி, பிறகு இளஞ்சிவப்புக்கு மாற்றலாம். அல்லது கட்டையின் பக்கத்திலுள்ள சிறிய வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை முதலில் இறக்கிவிடலாம். நான் இரண்டையும் செய்கிறேன். முதல்முறை அந்தத் திருகைத் திறந்தபோது ஒரு சொட்டும் வரவில்லை. காலியாக இருக்கிறது என்று நினைத்துப் பூட்டியிருப்பேன். பக்கத்துப் படகுக்கார ஐயா ஒருவர் கம்பித்துண்டொன்றைத் தந்து "உள்ளே குத்திப் பார்" என்றார். குத்தியதும் துருக்கட்டி உடைந்து, தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் ஒரு பேணி நிறைய இறங்கியது. துருவும் மண்ணும் அடைத்த திருகு பொய் சொல்லும். கம்பி போட்டுப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாமல் நீண்டநேரம் சுற்றிக்கொண்டிருந்தால் பம்ப் தண்ணீரை அள்ளிப் புகைப்பெட்டிக்குள் நிரப்பும். அதை வெளியே தள்ளப் புகையின் அமுக்கம் இருக்காது. நிறைந்த தண்ணீர் பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள் போய்விடும். ஸ்ரார்ட் ஆகவில்லையென்றால் உறிஞ்சு ஹோஸை வாளியிலிருந்து எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

பின்னால் வருவதை ஒரு கோப்பையில் பிடித்து அதன் உறைநிலையைப் பார்க்க ஒளிமுறிவுமானி என்ற பேனைபோன்ற கருவி இருக்கிறது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்குப் பிடித்தால் உள்ளே கோடு விழும் இடத்தில் வெப்பநிலை தெரியும். கிளைக்கோலில் எந்த வகைக்கான அளவுகோல் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை, நிறத்தை வைத்து ஊகிக்கும் பழக்கத்தை அது நிறுத்திவிடும்.

*இதுவரை:* கூலன்ற் இருந்தாலும் ஏரித் தண்ணீர் வழி தனியானது. பின்னால் இளஞ்சிவப்பு வருவது கட்டை நிறைந்ததற்குச் சாட்சியாகாது. எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், அல்லது கட்டை வடிந்திருக்கவேண்டும்.

பூட்டிய வால்வுக்குள் ஒரு மிடறு

படகின் அடியிலுள்ள துவாரத்தைத் திறந்து மூடும் வால்வுக்குப் படகுக்காரர் மொழியில் சீகொக் என்று பெயர். உள்ளே துளைபோட்ட ஓர் உலோக உருண்டை இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் துளை குறுக்கே திரும்பி வழியை மறிக்கும். அந்தத் துளைக்குள் ஒரு மிடறு தண்ணீர் எப்போதும் இருக்கும். பூட்டியதும் அந்த மிடறு எல்லாப் பக்கமும் அடைபட்டுவிடுகிறது. முதலில் சொன்ன சிறையின் மிகச் சின்ன வடிவம் இதுதான். வெளியே பார்க்கக் காய்ந்திருக்கும் வால்வு உள்ளுக்குள் வெடிக்கும், அது தெரியவருவது வசந்தத்தில் படகை ஏரியில் இறக்கியபின், தண்ணீர் உள்ளே வரும்போது.

எனவே கரையில் நிற்கும் படகில் சீகொக்குகளை இரண்டு மூன்று தரம் திறந்து மூடி வடியவிட்டு, பனிக்காலம் முழுவதும் திறந்தே விடவேண்டும். படகை ஏரியிலேயே விடுபவர்களின் நிலை வேறு. அவர்கள் பூட்டித்தான் ஆகவேண்டும், மேலேயுள்ள ஹோஸில் அன்ரிபிறீஸை ஊற்றிக்கொண்டே திருப்பி, அந்த மிடறு தண்ணீருக்குப் பதில் இளஞ்சிவப்பு நிற்கும்படி செய்வார்கள்.

மற்றவை, சுருக்கமாக

எஞ்சின் எண்ணெயை வசந்தத்தில் மாற்றாமல் இப்போதே மாற்றுங்கள். ஓடித் தேய்ந்த எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், ஆறு மாதம் அது உலோகத்தைத் தின்றுகொண்டு கிடக்கக்கூடாது. டீசல் தாங்கியை ஏறக்குறைய நிரப்பி வையுங்கள், உள்ளே ஈரக்காற்று வியர்ப்பது குறையும். பற்றறியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். நிறைந்த ஈயப் பற்றறி கனடாவின் பெருங்குளிரையும் தாங்கும், வெறுமையானது -7 பாகைக்குச் சற்றுக் கீழேயே உறைந்து வெடிக்கும். படகின் அடிவயிற்றுக் குழியில் நிற்கும் தண்ணீரைத் துணியால் துடைத்தெடுங்கள். சுக்கானைத் தட்டிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே ஈரம் ஊறிய பழைய சுக்கான்கள் உறைந்து ஓரத்தால் பிளக்கும். கீழ்முனையில் ஒரு சிறு துளையிட்டு வடியவிட்டு, வசந்தத்தில் அடைப்பவர்கள் உண்டு.

கடைசி வேலையாக நான் இம்பெல்லரைக் கழற்றுகிறேன். ஆறு மாதம் ஒரே பக்கம் மடிந்து கிடந்தால் அதன் றப்பர் இறக்கைகள் அப்படியே இறுகிவிடும். கழற்றியதை ஒரு சின்னப் பையில் போட்டு எஞ்சின் திறப்போடு நூலால் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன். வசந்தத்தில் திறப்பைக் கையில் எடுக்கும்போது இம்பெல்லரும் சேர்ந்தே வரும். அதைப் பம்புக்குள் போட மறந்து எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண முடியாது. திறந்துவிட்ட சீகொக்குகள் எத்தனை என்று ஒரு துண்டில் எழுதி அதே பைக்குள் வைத்திருப்பேன், என் படகில் ஐந்து. கிரேன் படகைத் தூக்க வருமுன் அந்த ஐந்தையும் எண்ணிப் பூட்டுவேன்.